எல்லோருக்கும் ஒரே குல்லாதானா?

அண்ணி கேட்டது இவ்வளவுதான்: "எல்லோருக்கும் ஒரே குல்லாதானா?" குறையாகக் கேட்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நான் பின்னிய குல்லாக்களைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது நிறம் மட்டும்தான் மாறிக்கொண்டே வந்தது. மற்றபடி இரண்டு நிட் (வழவழப்பான நூல் வளையம், அதாவது கண்ணி), இரண்டு பர்ல் (புடைப்பான கண்ணி) என்று மாறி மாறி வரும் அதே ரிப் பின்னல், அதே மடித்த ஓரம், அதே குவிந்த உச்சி. பார்க்கிற யாருக்கும் வருகிற கேள்விதான். அண்ணன் தன் பங்குக்கு, "குடும்பத்துக்கே குல்லா போட்டுட்டாளே" என்று சொல்லிச் சிரித்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்குத்தான் போகவில்லை.

கேள்வியில் நியாயம் இருப்பதுதான் காரணம். கையால் பின்னித் தருவதன் அருமையே, அது இன்னாருக்கென்று பின்னியது என்பதில்தானே இருக்கிறது? ஒன்றுபோல இருக்க வேண்டுமென்றால் கடையில் வாங்கிவிடலாம். அப்பாவுக்கும் தம்பிக்கும் ஒரே பின்னல் என்றால், அவ்வளவு சாயங்காலங்களைப் போட்டு உழைத்ததில் அவரவருக்கென்று என்ன இருக்கிறது? கயிறுபோல முறுக்கி வரும் கேபிள் பின்னலும் இரண்டு நிறப் பூவேலையும் எனக்கும் வரும். வந்தும், வீட்டு ஆட்களுக்கென்று ஊசியை எடுத்தால் கை தானாக ரிப்புக்குத்தான் போகிறது. ஏன் என்று கேட்டால் "இதுதான் சுலபம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

அந்தப் பதில் உண்மையும் இல்லை. குழாய்போலச் சுற்றிச் சுற்றிப் பின்னும் வட்ட ஊசியில் நிட் மட்டும் போட்டுக்கொண்டே போவதுதான் சுலபம். கண் டிவியில் இருந்தாலும் கை அதுபாட்டுக்குப் போகும். ரிப்பில் இரண்டு கண்ணிக்கு நூல் பின்னால் இருக்க வேண்டும், அடுத்த இரண்டுக்கு முன்னால் வர வேண்டும். சுற்றுக்கு 96 கண்ணி என்றால், ஒரே சுற்றில் நூல் 48 முறை இடம் மாறுகிறது. ஊசிகளுக்கு நடுவில் கொண்டுபோக மறந்து ஊசிக்கு மேலாகவே போட்டுவிட்டால், அடுத்த சுற்றில் கணக்கில் இல்லாத ஒரு கண்ணி வந்து உட்கார்ந்திருக்கும், அதன் கீழே ஒரு ஓட்டையும் இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் ஊசியைப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பதைவிட, கீழே தொங்கும் துணியைப் பார்ப்பது நல்லது. இடது ஊசியில் காத்திருக்கும் கண்ணிக்குக் கீழே இரண்டு கால் சேர்ந்தாற்போல் வழவழப்பாக இருந்தால் நிட். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்ட மாதிரி ஒரு குறுக்குப் புடைப்பு இருந்தால் பர்ல். இது கண்ணுக்குப் பழகிவிட்டால் எண்ணவே வேண்டாம். முந்தின சுற்று என்ன செய்ததோ அதையே நாமும் செய்ய வேண்டியதுதான். ஆனாலும் நிட் மட்டும் போடும் வேகம் இதில் வரவே வராது. ஆக, சுலபம் என்பதற்காக நான் ரிப் போடவில்லை.

டேப்பை எடுத்தேன்

சரி, அவரவருக்கென்றுதான் பின்னிப் பார்ப்போமே என்று அளவு எடுக்கக் கிளம்பினேன். தலையளவு எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புருவத்துக்குச் சற்று மேலே ஆரம்பித்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை எங்கே அதிகமாகப் புடைத்திருக்கிறதோ அதைச் சுற்றிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். டேப் படிய வேண்டும், இறுக்கக் கூடாது. அண்ணன் மகள் மட்டும் நிற்க மாட்டேன் என்றாள்.

"அத்தை, எதுக்கு என் மண்டையை அளக்குறீங்க?"

"உள்ளே எவ்வளவு இருக்குன்னு பார்க்கத்தான்."

"வெளியில அளந்தா உள்ள இருக்கறது எப்படித் தெரியும்?"

பதில் இல்லாமல் 52 என்று குறித்துக்கொண்டேன். அம்மாவுக்கு 54 செ.மீ., அண்ணிக்கு 56, அப்பாவுக்கு 58. அண்ணனுக்கு 60, எங்கள் வீட்டில் எப்போதுமே அவர் தலைக்குத்தான் எதுவும் சேராது. தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது வித்தியாசம் பெரிதாகத்தான் தெரிந்தது. உடனே கணக்கும் போட்டேன். என் நூலுக்கும் 4.5 மி.மீ. ஊசிக்கும், நிட் மட்டும் போட்ட துணியில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி வரும். அப்படியானால் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உள்ள 6 செ.மீ.க்கு 12 கண்ணி. அம்மாவைவிட அண்ணனுக்கு 12 கூடுதல் என்று எழுதிவிட்டு, ஒரு சந்தேகத்துக்காக, பையில் இருந்த குல்லா ஒன்றை எடுத்து மேசையில் பரப்பினேன்.

யாரும் போடாத புதுக் குல்லா. அகலம் 19 செ.மீ. சுற்றளவு 38 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது இந்த வீட்டில் ஒருவர் தலைக்கும் அது 'அளவு' இல்லை. எட்டு வயதுக்காரிக்குக்கூட 14 செ.மீ. குறைகிறது. இரண்டு கையையும் உள்ளே விட்டு விரித்தேன். முக்கவே வேண்டியிருக்கவில்லை, 60-ஐத் தாண்டிப் போனது. கையை எடுத்ததும் பழையபடி 38-க்கு வந்து உட்கார்ந்தது. 96 கண்ணிதான். 54-க்கும் 60-க்கும் இடையில் நான் அவ்வளவு கவனமாக எழுதி வைத்த வித்தியாசம் அந்தத் துணிக்கு ஒரு பொருட்டே இல்லை. அது சும்மா இருக்கும் நிலையிலிருந்து எல்லோருக்குமே வெகுதூரம் வர வேண்டியிருக்கிறது. கடைசி ஆறு செ.மீ. எந்தக் கணக்கு?

என் யோசனை திரும்பியது அங்கேதான். ஒருவருக்கென்று பின்னுவது என்றால் முதலில் அவர் அளவுக்குப் பின்னுவது என்றுதான் அதுவரை வைத்திருந்தேன். சட்டைக்கும் செருப்புக்கும் அது சரி. இந்தக் குல்லாவில் அளவு என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறுபடாத விஷயம். அதை ரிப் பார்த்துக்கொள்கிறது.

நூல் நீளவில்லை

இது எப்படி நடக்கிறது என்பது பார்க்கப் பார்க்க அலுக்காத ஒன்று. நூல் நீளுவதாகத் தோன்றும். பெரும்பாலும் நூல் நீளுவதே இல்லை. நிட் மட்டும் போட்ட துணி தட்டையாகக் கிடக்காது, இரண்டு பக்க ஓரமும் பின்பக்கமாகச் சுருளும் என்பது பின்னுகிறவர்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். ஒவ்வொரு கண்ணியும் வளைந்த நூல். வளைவு தன்னைத் தளர்த்திக்கொள்ளப் பார்ப்பதால்தான் துணி சுருளுகிறது. ரிப்பில் இரண்டு வரி அப்படிப் பின்னால் சுருளப் பார்க்கும், பக்கத்து இரண்டு வரி முன்னால் சுருளப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பதில் துணி சுருளாமல் மடிகிறது. நிட் வரிகள் மேலே எழும்பி நிற்கின்றன, பர்ல் வரிகள் அவற்றின் பின்னால் போய் ஒளிந்துகொள்கின்றன. நாம் இழுக்கும்போது அந்த ஒளிந்த வரிகள்தான் வெளியே வருகின்றன. விட்டால் திரும்ப உள்ளே போய்விடும். பின்பக்கம் திருப்பினாலும் இதே கதை என்பதால் இரண்டு முகமும் ஒன்றுபோலவே இருக்கும். ஓரத்தை மடித்துவிட்டால் எது உள், எது வெளி என்று தெரியாது.

அதற்காக எதையும் தாங்கும் என்று சொல்ல வரவில்லை. அண்ணன் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றபோது பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அம்மா தலையில் வரிகள் நெருங்கி, தடித்து, பர்ல் தெரியாமல் இருந்த அதே பின்னல், அவர் தலையில் முழுதாகத் திறந்து, பர்ல் புடைப்புகள் வரிவரியாகத் தெரிந்தன. கண்ணிகளுக்கு நடுவே பொடிப் பொடியாக வெளிச்சம். வெளிச்சம் வருகிற வழியில் காற்றும் வரும். கம்பளியின் கதகதப்பு என்பது அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான்; துணி மெலிய மெலிய அந்தக் காற்றுக்கு இடம் இல்லாமல் போகிறது. அதனால் அவருக்கு மட்டும் 104 கண்ணி என்று மாற்றிக்கொண்டேன். நான்கின் மடங்காக இருந்தால் போதும், ரிப்புக்கு வேறு நிபந்தனை இல்லை. சின்னவளுக்கு 80.

இதில் இன்னொன்று சொல்லியாக வேண்டும். ரிப் எவ்வளவு நீளக்கூடியதாக இருந்தாலும், முதலில் ஊசியில் ஏற்றிய ஓரம் இடம் கொடுக்காவிட்டால் எல்லாம் வீண். குல்லா முழுக்க மெத்தென்று இருந்து, நெற்றியில் மட்டும் கயிறு கட்டிய மாதிரி ஒரு கோடு பதிகிறது என்றால் கண்ணியை இறுக்கி ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தடித்த ஊசியில் ஏற்றினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் ஊசியின் தடிமனைவிட, ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் நடுவில் விடுகிற இடைவெளிதான் முக்கியம். ஊசியில் அவை தோளோடு தோள் உரசி நிற்கக் கூடாது. வட்டமாகச் சேர்ப்பதற்கு முன், ஓரம் எங்கேயும் ஊசியைச் சுற்றித் திருகியிருக்கிறதா என்று ஒரு தரம் முழுக்கத் தடவிப் பார்த்துவிட வேண்டும். திருகோடு சேர்த்துவிட்டால் அப்புறம் பிரிப்பதைத் தவிர வழி இல்லை.

ஒன்றுபோல இருக்கும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சரித்திரமும் உண்டு. 1571-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள்: பிரபுக்கள் போன்ற சிலர் நீங்கலாக, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாட்களிலும் அந்த நாட்டிலேயே செய்த கம்பளிக் குல்லாவைப் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். குளிருக்காக இல்லை, குல்லா பின்னுகிறவர்களின் பிழைப்புக்காக. 1597-ல் அதை எடுத்துவிட்டார்கள். அபராதம் போட்டுக்கூட ஜனங்களுக்கு ஒரே குல்லாவைப் பிடிக்கவைக்க முடியவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் யோசனை தருகிற செய்திதான்.

வெளியே தெரியாதவை

அளவு இல்லை என்றால், அவரவருக்கென்று என்னதான் இருந்தது? பையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபோது, கேட்காமலேயே கை செய்து வைத்திருந்த காரியங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

அப்பாவுக்குக் கம்பளி என்றாலே நெற்றி அரிக்கும். ஒவ்வாமை என்றே சொல்லிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் விஷயம் இழையின் தடிமனில் இருக்கிறது. சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் நுனி வளையாமல் தோலில் குத்தி நிற்கும், அதைத்தான் அரிப்பு என்கிறோம். மெரினோ என்கிற மென்மையான ஆட்டுக் கம்பளி பொதுவாக 24 மைக்ரானுக்கும் கீழே. தோலில் பட்டதும் மடங்கிக்கொள்ளும். அப்பா குல்லா முழுக்க மெரினோ. அதைச் சொல்லாமல்தான் கொடுத்தேன், சொன்னால் போடும் முன்பே அரிக்க ஆரம்பித்துவிடும். நடந்துவிட்டு வரும்போது அவருக்குத் தலை வியர்க்கும் என்பதும் கணக்கில் இருந்தது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரித் தெரியாது.

தம்பி விஷயம் வேறு. அவன் எதைக் கழற்றினாலும் வாஷிங் மெஷினில்தான் போடுவான், சூடான தண்ணீரில், ஜீன்ஸோடு. சாதாரணக் கம்பளி அதில் பிழைக்காது. இழையின் மேல் உள்ள நுண்ணிய செதில்கள் சூட்டிலும் உரசலிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, துணி சுருங்கித் தடித்துவிடும். அதற்குப் பிறகு ரிப்பாவது ஒன்றாவது. செதிலை அடக்கிய சூப்பர்வாஷ் கம்பளி போட்டிருக்கலாம். ஆனால் அவன் எப்படியும் குல்லாவைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வரப்போகிறவன். அவனுக்கு அக்ரிலிக் என்கிற செயற்கை நூல். கம்பளி இழையில் இயற்கையாகவே உள்ள சுருள் அக்ரிலிக்குக் கிடையாது. போடப் போடத் தளரும், தெரியாமல் அயர்ன் பண்ணினால் அந்த நிமிஷமே தொய்ந்துவிடும். அதற்காக முன்கூட்டியே எட்டுக் கண்ணி குறைத்து 88-ல் பின்னினேன். பருத்தி நூலை மட்டும் இந்தக் குல்லாவுக்கு நான் தொடுவதில்லை. கை விட்டால் திரும்பி வருகிற குணம் அதற்கு இல்லை, ஈரமானால் கனத்துவிடும்.

அம்மாவுக்குக் கொண்டை. சாதாரண உயரத்தில் பின்னினால் பின் ஓரம் கொண்டையில் முட்டி, குல்லா மொத்தமும் மேலே ஏறிக்கொள்ளும். அவருக்கு நெற்றியிலிருந்து உச்சிவரை உயரத்தைக் குறைத்து, மடிப்பை மட்டும் நீளமாக விட்டேன். காதுப் பக்கம் இறக்கி, பின்னால் ஏற்றி, அவரே சரிசெய்துகொள்கிறார். அண்ணிக்குக் காதுதான் முதலில் குளிரும். மடிப்பு ஏழு செ.மீ., இரண்டு அடுக்கும் காதை முழுக்க மூடும்.

இதையெல்லாம் அண்ணியிடம் ஒருநாள் சொன்னேன், டேப்போடு, குல்லாவை இழுத்துக் காட்டி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, ஆனா பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார். அதுவும் வாஸ்தவம்தான். பரிசு கண்ணுக்கும் ஏதாவது தர வேண்டும் என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. தலையில் போட்டுக்கொண்டு ஒரு குளிர்காலத்தைக் கடந்தவருக்குத் தெரிவது பொட்டலம் பிரிக்கும்போது தெரியாது. பாம்பாம் (நூல் பந்து) வைத்துத் தருகிறேன் என்றேன். உச்சியை முடிக்கும் இடத்தில் வைத்துத் தைத்தால் ஆயிற்று. அந்த உச்சியும் இந்தப் பின்னலில் ரொம்பச் சுருக்கமானது: பர்ல் இரண்டையும் ஒன்றாக்கினால் 96 என்பது 72 ஆகும், இரண்டு சுற்று விட்டு நிட் இரண்டையும் ஒன்றாக்கினால் 48, அப்புறம் இரண்டிரண்டாகச் சேர்த்து 24, 12. மிஞ்சிய பன்னிரண்டின் ஊடாக நூலை ஓட்டி இழுத்துக் கட்ட வேண்டும். இது சுருக்குப்பை வாய் மாதிரிக் கொஞ்சம் கொசுவிக்கொண்டு நிற்கும் என்று சிலர் நீளமாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். எனக்கு அந்தக் கொசுவம் பிடிக்கும்.

ஒரே குல்லா ஆகாத ஒருவர்

அக்காவின் கைக்குழந்தைக்குப் பின்னியபோதுதான் எனக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம் வந்தது. கண்ணி 64, பாம்பாம் கிடையாது, பட்டன் கிடையாது. பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் எதுவுமே கிடையாது. அதில் எல்லோருக்கும் சம்மதம். எப்போது போடுவது என்பதில்தான் தகராறு. "உடம்புச் சூடு பாதி தலை வழியாத்தான் போகும்" என்பது அம்மா கட்சி. அவர் மட்டும் சொல்வதில்லை. 1970-ல் வந்த அமெரிக்க ராணுவக் கையேடு ஒன்றே, தலையை மூடாவிட்டால் 40 முதல் 45 சதவீதச் சூடு போய்விடும் என்று எழுதி வைத்தது. உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2008-ல் இரண்டு டாக்டர்கள் இதை எடுத்து, அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். பெரியவர்களின் உடல் பரப்பில் தலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. போகிற சூடும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். முகமும் காதும் குளிரைச் சட்டென்று உணர்வதால் நமக்கு அதிகமாகத் தோன்றுகிறது. குல்லாவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, நான் பின்னுகிறவள் வேறு.

குழந்தைக்குக் கணக்கு மாறும். அதன் உடம்பில் தலையின் பங்கு பெரியவர்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அம்மா பாதி ஜெயித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே காரணத்தால்தான், வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லாவை மாட்டிவைத்தால் உள்ளே சேர்கிற சூடு வெளியேற வழி இல்லாமல் போகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-ல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்பு அறிவுரையில், பிறந்த முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் குழந்தைக்குக் குல்லா வேண்டாம் என்றே இருக்கிறது. இதைப் படித்துக் காட்டியதும் அம்மா, "அப்போ எதுக்குப் பின்னினே?" என்றார்.

"வெளியே போறப்போ போட."

"வெளியே போனா குளிரும். உள்ளே மட்டும் குளிராதா?"

அக்காதான் நடுவில் புகுந்து குல்லாவை வாங்கி, வெளியே போகும்போது போடுகிற ஜாக்கெட்டின் பையில் செருகினாள். ஜாக்கெட்டைப் போட்டால் குல்லா, கழற்றினால் குல்லாவும் கழன்றாக வேண்டும் என்பது இப்போது ஏற்பாடு. அம்மா இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளங்கையால் குழந்தையின் உச்சியை மூடிக்கொள்கிறார். அதற்கு யாரும் அறிவுரை எழுதவில்லை.